தட்டிப் பார்த்த வெள்ளிக்காசு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் டைல்ஸ் மேஸ்திரியைப் பார்த்ததில்லை. ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை அவர் கையால் பதித்தது. வீடு விஷயத்தில் அவரை யாரும் மிரட்ட முடியாது. கல்யாணம்தான் இப்போது முதல் தடவையாக அவரை மிரட்டிக்கொண்டிருந்தது. ஒரே மகள். அவளாகப் பார்த்து, அவளுக்குப் பிடித்துப்போன பையன். பையனிடம் சொல்லும்படியாக ஒரு குறையும் இல்லை. பையனுடைய அப்பாதான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டாரா?" என்று மேஸ்திரி மகளைக் கேட்டார்.

"இல்லப்பா. வேணும்னும் சொல்லல. பொண்ணோட அப்பாவைப் பாக்கணும்னு மட்டும் சொல்லியிருக்காரு."

"என்னை எதுக்குப் பாக்கணும்? நானா கட்டிக்கப் போறேன்?"

மகள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்ததும்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேஸ்திரிக்கு உறைத்தது. பையனின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். அவர் மனம் வைக்காவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும் என்று பையன் சொல்லியிருந்தான். அப்படி நடக்கிற கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் பிடிவாதம் அம்மா வழியில் வந்தது.

அந்த அம்மாவால் இன்றைக்குப் பையன் வீட்டுக்கு வர முடியவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அது மேஸ்திரியே பதித்த குளியலறை. "ஒரு டைல்ஸாவது அசைஞ்சிருக்கா பாரு" என்று அவர் வாதாடிப் பார்த்தார். டைல்ஸ் அசையவில்லைதான், எலும்புதான் அசைந்துவிட்டது என்று அவள் பதில் சொன்னாள். அதற்குமேல் பேச அவர் முட்டாள் இல்லை.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. டைல்ஸ் பதித்து, அடியில் கலவை இறுகியதும், ஒரு சில்லறைக் காசை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டொக்' என்று கெட்டியாகச் சொல்லும். எங்காவது காற்று தங்கியிருந்தால் 'டொப்' என்று பொய்யாகச் சொல்லும். இது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் வேலை முடிந்ததும் காசைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். நம்மவர் போகிற இடமெல்லாம் தட்டுவார். வங்கியில் தட்டுவார், கடையில் தட்டுவார், மருந்து வாங்கப் போன இடத்தில் சீட்டை நீட்டிவிட்டுக் குனிந்து தட்டுவார். ஒரு தடவை துக்க வீட்டில் தட்டிவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனிடம் போய், "மூலையில நாலு டைல்ஸ் பொய், கவனிங்க" என்று சொல்லிவிட்டார். அவர் வீடு வந்து சேருவதற்குள் அந்தச் செய்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை இப்படியா நிரூபிப்பது என்று அவர் மனைவி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே எக்ஸ்ரேக்காரர் வீட்டு வாசலில் மகள் நின்றுவிட்டாள். கையை நீட்டினாள்.

"குடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதப்பா. காசைக் குடு. உள்ள போய் எதையும் தட்டக் கூடாது. தரை, சுவரு, மேசை எதையும். என்மேல சத்தியம்."

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எத்தனையோ வருஷமாக அவரிடம் இருக்கிற அதே காசு. கட்டைவிரல் பட்டுப்பட்டு அதன் முகம் வழுவழுவென்று போயிருந்தது, விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. மகள் அதைக் கைப்பையில் போட்டு இழுத்து மூடினாள். பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விருந்துக்குப் போகிற மாதிரி இருந்தது அவருக்கு.

உள்ளே வரவேற்பு நன்றாகத்தான் இருந்தது. பையனின் அம்மா கணவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். டீ வந்தது, கேக் வந்தது. பையன் இருப்புக்கொள்ளாமல் சுவரோரம் நின்றிருந்தான். எக்ஸ்ரேக்காரர் ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேஸ்திரியைப் பார்த்த பார்வை, படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பார்வை.

மேஸ்திரியின் துரதிர்ஷ்டம் வேறொரு பக்கமிருந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வலது குதிகாலைத் தரையில் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த டைல்ஸ் பொய். குதிகாலால் லேசாக அழுத்திப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மகள் அவரைப் பார்த்தாள். அவர் குதிகாலை நகர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது தானாக அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

"உங்களுக்குக் காசு பாக்குறதுல விருப்பம் உண்டா?" என்று எக்ஸ்ரேக்காரர் திடீரென்று கேட்டார். அவர் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

காசு என்றதும் மேஸ்திரி மகளின் கைப்பையைப் பார்த்தார். ஆனால் எக்ஸ்ரேக்காரர் சுவரோரம் இருந்த உயரமான மர அலமாரியிடம் போய், விரல் பருமனில் ஒரு இழுப்பறையை உருவி எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தார். மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. இழுப்பறை முழுவதும் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு வெள்ளிக்காசு.

"ரோமாபுரி ராஜாக்கள் காலத்துக் காசு. ஆனா ரோமாபுரியில அடிச்சது இல்ல. அவங்க ஆண்ட மாகாணங்கள்ல, அந்தந்த ஊர்ப் பட்டறையில அடிச்சது. தலைநகரத்துக் காசைத்தான் எல்லாரும் சேப்பாங்க. எனக்கு இதுதான்."

"இதுல வெள்ளி அதிகமோ?" என்று மேஸ்திரி மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

"கம்மிதான்." எக்ஸ்ரேக்காரர் முதல் தடவையாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு காசை விளிம்பில் பிடித்துத் திருப்பினார். "இந்தப் பக்கம் பாருங்க, தாடி வச்சவரு, ஹாட்ரியன்னு ஒரு ராஜா. இந்தப் பக்கம் ஒரு மலை. கப்பதோக்கியான்னு ஒரு மாகாணத்துல ஒரு ஊர், அந்த ஊருக்குப் பக்கத்துல இருக்குற மலை இது. வரிசையா எந்த ராஜா வந்தாலும் பின்பக்கம் இதே மலையைப் போட்டிருக்கான் பட்டறைக்காரன். முன்னாடி ராஜா முகம், அது கட்டாயம். பின்னாடி தன் ஊர் மலை, அது ஆசை."

மேஸ்திரிக்கு அது பிடித்திருந்தது. தன்னை அறியாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு காசுக்கும் அடியில் வட்டமாக வெட்டிய ஒரு சிறு காகிதம் இருந்தது. அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தலை யாருடையது, ஊர் எது, தன்னிடம் வந்த வழி எது என்று மூன்று வரி. மலை வரிசையில் முதல் குழி மட்டும் காலியாக இருந்தது. அது ஏன் என்று கேட்க மேஸ்திரிக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

எக்ஸ்ரேக்காரர் அலமாரியின் அடித்தட்டிலிருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்து, அதிலிருந்து ஒரு மலைக்காசை எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தார். "சும்மா கையில வச்சுப் பாருங்க. நான் அடுத்த இழுப்பறையை எடுத்துட்டு வர்றேன்" என்று அலமாரிப் பக்கம் திரும்பினார்.

இனி நடந்ததற்கு மேஸ்திரியைக் குறை சொல்வது எளிது. ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டும். பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பி நிற்கலாமா? குதிகாலுக்கு அடியில் பொய்யான டைல்ஸ். கையில் காசு. அவர் மூளை கேக்கைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டிருந்தது. கை தன் வேலையைப் பார்த்தது. குனிந்தார். பக்கத்து டைல்ஸில் ஒரு தட்டு: டொக். குதிகால் இருந்த டைல்ஸில் ஒரு தட்டு: டொப். சரிதானா என்று உறுதி செய்ய இன்னொரு தட்டு.

காசு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு சோபாவுக்கு அடியில் ஓடியது.

"அப்பா!" என்றாள் மகள்.

அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. பையன் மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டான். மேஸ்திரி குனிந்த நிலையிலேயே இருந்தார். நிமிர்ந்தால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சின்ன வயதில் அவளை வேலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், உடைந்த டைல்ஸ் துண்டுகளைச் சேர்த்து அவள் வீடு கட்டி விளையாடுவாள். அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்வேன் என்று நினைத்துக்கொண்டே வளர்த்தவர். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் செய்யாமல் இருக்க வேண்டிய ஒன்று. அதைக்கூட அரைமணி நேரம் காப்பாற்றத் துப்பில்லை.

முதலில் பேசியது பையனின் அம்மாதான். "பதறாதீங்க அண்ணா, பதறாதீங்க. அது போலிக்காசு. வீட்டுக்கு வர்றவங்க கையில இவரு அதைத்தான் குடுப்பாரு. நெஜத்தை யார் கையிலயும் குடுக்க மாட்டாரு. போனா போகுது."

மேஸ்திரிக்கு உயிர் திரும்பி வந்தது. நெஜத்தைத் தன் கையில் தரவில்லை என்பது ஓரமாகக் குத்தினாலும், அதைப் பார்க்கிற நேரமில்லை இது.

"இவன் பொறந்த வாரம் வாங்கினது" என்று அந்த அம்மா பையனைக் காட்டிப் பேச்சை ஓட்டினாள். "இவரோட மொதல் மலைக்காசு. ஆசை ஆசையா காசு சேக்கிறவங்க சங்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாரு. சங்கத்துத் தலைவரு, இது அச்சுல அடிச்சது இல்ல, நேத்து எவனோ வார்த்ததுன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அன்னைக்கு டப்பாவுல போட்டவர்தான். எனக்கென்னவோ நெஜமாத்தான் தெரிஞ்சுது. உனக்கு என்ன தெரியும்னாரு. சரி, எனக்கு என்ன தெரியும்?"

பையன் இரண்டாவது துண்டை எடுத்துக் கொடுத்தான். எக்ஸ்ரேக்காரர் விளக்கை இழுத்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, அதற்குமேல் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்து, உடைந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பையனின் அம்மா கேக் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள் மகள், மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

மேஸ்திரி எழுந்தார். "நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன். நான் செஞ்ச தப்புக்கு நீ ஏம்மா தலை குனியணும்?" என்று அந்தக் கதவிடம் போனார். ஊரில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்த மனுஷனுக்கு அந்தக் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. "சார்" என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளித் திறந்தார்.

எக்ஸ்ரேக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைக்குட்டை. கண் கலங்கியிருந்தது.

"கதவைச் சாத்திட்டு இங்க வாங்க" என்றார். "இந்த ஒடஞ்ச எடத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "பொடிப்பொடியா மின்னுது. சக்கரை மாதிரி."

"வெள்ளி அவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கெடந்தா உள்ளுக்குள்ள இப்படி ஆகும். வெளியே ஒண்ணும் தெரியாது. கீழ விழுந்தா பிஸ்கட் மாதிரி ஒடஞ்சுடும். நேத்து வார்த்த காசு இப்படி ஒடையாது, வளையும். உள்ள இந்தச் சக்கரை இருக்காது." ஒரு துண்டை விரலால் தடவினார். "இது நெஜம். அவ சொன்னது சரி. இது நெஜக் காசு."

மேஸ்திரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கைக்குட்டையிலிருந்து ஓரடி பின்வாங்கினார். "அப்போ நான் ஒடைச்சது நெஜத்தையா?"

"ஆமா."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு பொய் போதுமாயிருந்தது, அதைக்கூட அந்த மனுஷர் சொல்லவில்லை.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே, சார். போலின்னே நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

"அதுக்குத்தான் உள்ள வந்து ஒக்காந்தேன். விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு. என்னால முடியல." எக்ஸ்ரேக்காரர் மூக்கை உறிஞ்சினார். "வாழ்நாள் பூரா அடுத்தவங்க உள்ள என்ன இருக்குன்னு படம் எடுத்துக் குடுத்தவன் நான். இதை மட்டும் நாலு பேர் சிரிச்சாங்கன்னு டப்பாவுல போட்டுட்டேன். வாங்கின அன்னைக்கு என் கண்ணுக்கு இது நெஜமாத்தான் தெரிஞ்சுது. என் கண்ணை நான் நம்பல, என் பொண்டாட்டியை நம்பல."

இரண்டு துண்டுகளையும் மறுபடியும் கைக்குட்டையில் பொதிந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் எக்ஸ்ரேக்காரர். "உங்களைப் பத்தியும் நாலு பேர் சிரிச்சாங்க. துக்க வீட்டுல போய் தரையைத் தட்டிப் பாத்த ஆளு, அவர் பொண்ணையா எடுக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. அதனாலதான் வாயே தொறக்காம இருந்தேன். மறுபடியும் அதே நாலு பேர் பேச்சு, பாருங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அது உண்மைதான் சார். தட்டினேன். மூலையில நாலு பொய்யா இருந்துச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு மாசத்துல பேந்துடுச்சு. நானே போய்ப் பதிச்சுக் குடுத்தேன். அந்தப் பையன்தான் போன் பண்ணிக் கூப்பிட்டான். டீயெல்லாம் குடுத்தான்."

எக்ஸ்ரேக்காரர் சிரித்துவிட்டார். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவருக்கு இருமல் வந்தது. மேஸ்திரி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அது சத்தம் பார்ப்பதற்கு இல்லை.

"நான் வேணா ஒட்டிக் குடுக்கட்டுமா? என்கிட்ட ஒரு பசை இருக்கு, கல்லையே விடாது."

"ஐயையோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க" என்று எக்ஸ்ரேக்காரர் கைக்குட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் வெளியே வந்தபோது கூடத்தில் யாரும் நகர்ந்திருக்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் நேராக மனைவியிடம் போய், "நீ சொன்னதுதான் சரி" என்றார். எதைச் சொல்கிறார் என்று அந்த அம்மாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இதைக் கேக்க இவனுக்குக் கல்யாண வயசு ஆகணுமா?" என்றாள்.

அவர் மலை வரிசையின் காலிக் குழியில் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தார். நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, மலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை. பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார்.

"வழக்கமா எதால தட்டுவீங்க?"

மேஸ்திரி மகளைப் பார்த்தார். மகள் தயங்கித் தயங்கிக் கைப்பையைத் திறந்து அந்தச் சில்லறைக் காசை எடுத்துக் கொடுத்தாள். எக்ஸ்ரேக்காரர் அதை விளிம்பில் பிடித்து, விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஹாட்ரியனைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"மொகமே இல்லாம தேஞ்சிருக்கு. விளிம்பு ஒரு பக்கம் மட்டும். எத்தனை வீட்டுத் தரை?"

"யாரு சார் எண்ணினா?"

"இதை எனக்குக் குடுப்பீங்களா?"

"அது செல்லாக்காசு மாதிரி ஆயிடுச்சு சார். கடைக்காரனே வாங்க மாட்டான்."

"நான் வாங்கிக்கிறேன்."

அவர் மலைக்காசுக்குப் பக்கத்துக் குழியிலிருந்ததை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அதில் மேஸ்திரியின் காசை வைத்தார். கத்தரிக்கோலால் ஒரு காகிதத்தை வட்டமாக வெட்டினார். பேனாவை எடுத்து, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து, மூன்று வரி எழுதினார். மை காய்வதற்கு ஊதிவிட்டு மேஸ்திரியிடம் நீட்டினார்.

மேஸ்திரி அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். எறும்பு எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. "என்னம்மா எழுதியிருக்கு, படி" என்று மகளிடம் கொடுத்தார்.

"தலை, தேய்ந்துவிட்டது" என்று மகள் படித்தாள். "ஊர், எல்லார் வீட்டுத் தரையும்." மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். பையன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவனும் படிக்கவில்லை. அவன் அப்பாவைப் பார்த்தான்.

"மூணாவது என்ன, சொல்லேன்" என்றார் மேஸ்திரி.

"வந்த வழி" என்று மகள் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தொடங்கினாள். "வந்த வழி, சம்பந்தி."

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, நாற்காலி பின்னாலேயே இருந்தது. குதிகால் பழைய இடத்துக்கே போயிற்று.

"அந்த டைல்ஸ்" என்றார் எக்ஸ்ரேக்காரர், இழுப்பறையை அலமாரிக்குள் தள்ளிக்கொண்டே, "வந்ததுல இருந்து அங்கேயே மிதிக்கிறீங்க. என்னதான் அதுக்கு?"

"பொய் சம்பந்தி" என்றார் மேஸ்திரி. அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. "அடியில காத்து. டைல்ஸ் மேல குத்தமில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி வந்து மாத்திக் குடுத்துடறேன்."

சாயங்காலம் அப்பாவும் மகளும் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தார்கள். மனைவிக்குப் போனில் சொல்லியாயிற்று. "எதையும் தட்டலையே?" என்று அவள் கேட்ட முதல் கேள்விக்கு, "வந்து சொல்றேன்" என்று மகள் சமாளித்துவிட்டாள். மேஸ்திரியின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. இரண்டு கடை தாண்டியதும் மறுபடியும் போயிற்று.

மகள் நின்றாள். கைப்பையைத் திறந்து துழாவி, பளபளவென்று ஒரு புதுக் காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"எதுக்கும்மா?"

"மண்டபம் பாக்கப் போகணும்ல. தரையைத் தட்டிப் பாக்க வேண்டாமா?"

மேஸ்திரி காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.